தொகை தெரியும், தேதி தெரியாது

ஊருக்குப் போனால் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "படிக்கிறதுக்கே மாசம் 37,000 ரூபாய் தர்றாங்களாமே?" ஆமாம், தருகிறார்கள். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்று பிஎச்.டி. சேர்ந்தவர்களுக்கு 2023 ஜனவரியிலிருந்து அதுதான் தொகை. அதற்கு முன் 31,000. இரண்டு ஆண்டு முடிந்து, ஒரு குழு நம் வேலையைப் பார்த்து ஒப்புதல் கொடுத்தால் எஸ்ஆர்எஃப் என்ற முதுநிலைக்கு மாறலாம், அப்போது 42,000. விடுதியில் இடம் இல்லாதவர்களுக்கு வீட்டு வாடகைப்படி தனி. படிப்புக்கான உதவித்தொகை என்பதால் வருமான வரிச் சட்டத்திலேயே அதற்கு வரிவிலக்கும் உண்டு. எல்லாம் சேர்த்து ஐந்து ஆண்டு.

இதைச் சின்னத் தொகை என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். பள்ளிபாளையம் பக்கம் விசைத்தறி ஓட்டி என்னைப் படிக்க வைத்தவர் அப்பா. அவருடைய மாத வருமானத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் எனக்கு வருகிறது. பிறகு என்ன பணக்கஷ்டம் என்று கேட்பவர்கள் நியாயமாகத்தான் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லும் பதிலைக் கொஞ்சம் விரிவாகவே இங்கே எழுதி வைக்கிறேன்.

அந்தப் பணம் மாதாமாதம் வருவதில்லை. சில சமயம் இரண்டு மாதப் பணம் சேர்ந்து வரும், சில சமயம் நான்கு மாதம். ஏப்ரல், மே வந்தால் நிதியாண்டு மாறுகிறது என்பார்கள். ஜேஆர்எஃப்பிலிருந்து எஸ்ஆர்எஃப்புக்கு மாறும்போது குழு கூடி, அறிக்கை போய், கணினியில் ஏறும்வரை நிற்கும். ஒவ்வொரு மாதமும் வருகைச் சான்று எழுதி, ஆய்வு நெறியாளரான கைடிடம் கையெழுத்து வாங்கி, துறைத்தலைவரின் முத்திரையோடு அலுவலக செக்‌ஷனில் கொடுக்க வேண்டும். அங்கே ஒருவர் இணையதளத்தில் பதிவு செய்வார். இன்னொருவர் சரிபார்த்து ஒப்புதல் கொடுப்பார். இரண்டும் குறித்த நாளுக்குள் நடந்தால்தான் அந்த மாதப் பட்டியலில் நம் பெயர் இருக்கும். ஒருவர் விடுப்பில் போனாலோ, வங்கிக் கணக்கில் இருக்கும் பெயரும் ஆதாரில் இருக்கும் பெயரும் ஓர் எழுத்து ஒத்துப்போகாவிட்டாலோ அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும். எங்கே நிற்கிறது என்று கேட்டுப் போனால் ஒவ்வொரு மேசையும் அடுத்த மேசையைக் காட்டும். யாரும் கெட்டவர்கள் இல்லை, எல்லோருக்கும் வேலை தலைக்கு மேல். ஆனால் பணம் என்றைக்கு வரும் என்று சொல்லத் தெரிந்தவர் அந்த வரிசையில் ஒருவரும் இல்லை.

அப்பாவுக்கு வாரக் கூலி. சனிக்கிழமை சாயங்காலம் தறிப்பட்டறையில் கணக்குப் பார்த்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். எத்தனை மீட்டர் ஓட்டினாரோ அதற்குத் தக்க கூலி. கரண்ட் போன வாரம் குறையும், பாவு வராத வாரம் இன்னும் குறையும். முன்பணத்துக்கான பிடித்தமும் உண்டு. ஆனால் சனிக்கிழமை என்பது மாறியதே இல்லை. அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டுதான் அம்மா குடும்பம் நடத்தினார். மளிகைக் கடைக்குச் சனிக்கிழமை, சீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை, என் பரீட்சைக் கட்டணத்துக்கு அதற்கடுத்த சனிக்கிழமை என்று வரிசையாகச் சொல்லி வைப்பார். கடன் இருந்தது. ஆனாலும் "சனிக்கிழமை தர்றனுங்க" என்று அம்மா சொன்னால் கடைக்காரர் மறுபேச்சில்லாமல் அரிசியை அளப்பார். எனக்கு அப்படி ஒரு கிழமையைச் சொல்லிக் கடன் கேட்க வழியில்லை. தொகை சிறியதாக இருந்தால் அதற்குள் அடங்கி வாழ்ந்துவிடலாம். எங்கள் வீட்டில் அப்படித்தான் வாழ்ந்தோம். தேதி தெரியாத பணத்துக்குள் எப்படி அடங்குவது?

கல்விக்கடன் தவணைக்கு ஐந்தாம் தேதி. கணக்கில் பணம் இல்லையென்றால் வங்கி அதற்கொரு அபராதமும் அதன்மேல் வரியும் சேர்த்துப் பிடிக்கும். நாலாம் தேதி ராத்திரி அம்மா கூப்பிடுவார்.

"ஏங்கண்ணு, பணம் வந்துருச்சா?"

"இன்னும் இல்லீங்மா."

"சரி, வர்றப்ப வரட்டும். சாப்பாட்டுக்கு வெச்சிருக்கியா?"

அம்மாவின் தோடு இரண்டு முறை நகைக்கடனுக்குப் போய்த் திரும்பியிருக்கிறது. இரண்டு முறையும் என் கணக்கில் வரவேண்டிய பாக்கி அந்தக் கடனைவிட மூன்று மடங்கு அதிகம். அந்த வட்டியை யாரிடம் கேட்பது?

எங்கள் லேப்பில் பொருட்களை ஈரம் படாமல் வைக்கும் டெசிக்கேட்டருக்குப் பக்கத்தில் ஒரு நீள நோட்டு இருக்கும். வெளியாள் பார்த்தால் வேதிப்பொருள் இருப்புக் கணக்கு என்று நினைப்பார். அது கைமாத்துக் கணக்கு. யார், யாருக்கு, எவ்வளவு, என்றைக்கு என்று நாலு கட்டம். எனக்கு முன்னால் இருந்த சீனியர்கள் தொடங்கியது. அதற்கு எழுதாத விதிகள் உண்டு: எதற்கு என்று கேட்கக்கூடாது, பணம் வந்த அன்றே முதலில் நோட்டைத் தீர்க்க வேண்டும், ஸ்டைபெண்ட், அதாவது உதவித்தொகை, இல்லாத ஸ்காலரிடம் டீக்காசு வாங்கக்கூடாது. இந்தக் கடைசி விதி எனக்கு மிகவும் பிடிக்கும். ஏனென்றால் எங்களில் எல்லோரும் ஜேஆர்எஃப் இல்லை. மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் இல்லாத பிஎச்.டி. மாணவர்களுக்கு மாதம் 8,000 ரூபாய் என்று ஒரு தொகை பல ஆண்டுகளாக அப்படியே நிற்கிறது. 2015-இல் அதையும் நிறுத்தப்போவதாகச் சொன்னபோது டெல்லியில் மாணவர்கள் தெருவில் இறங்கித்தான் காப்பாற்றினார்கள். மாநிலப் பல்கலைக்கழகங்களில் அந்த எட்டாயிரமும் இல்லாமல், சாயங்காலம் டியூஷன் எடுத்து, ராத்திரி லேப்புக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். என் அடுத்த மேசையில் உட்கார்ந்திருக்கும் தங்கச்சி அப்படித்தான். அவள் செய்யும் ஆய்வு என்னுடையதற்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை.

வேலை என்னவென்று சொல்லவில்லையே. நான் நிக்கல்-ஜிங்க் ஃபெரைட் என்ற காந்தப் பொருளை நானோ துகள்களாகச் செய்கிறேன். இரும்பு, நிக்கல், ஜிங்க் நைட்ரேட்டுகளைத் தண்ணீரில் கரைத்து, சிட்ரிக் ஆசிட் சேர்த்து, அமோனியா விட்டு, ஹாட் பிளேட்டில் வைத்துக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். மணிக்கணக்கில் நின்றால் பச்சையும் பழுப்பும் கலந்த பிசின் போல இறுகும். சூட்டை ஏற்றினால் ஒரு கட்டத்தில் தானே பற்றிக்கொள்ளும். தீபாவளிப் பாம்பு மாத்திரை எப்படிப் பொங்கி எழுமோ அப்படியே பீக்கரை மீறிப் பொங்கி, கையில் எடுத்தால் எடையே இல்லாத பழுப்புச் சாம்பலாக நிற்கும். பழுப்பு நிறப் புகை வரும், அது நச்சு. புகையை வெளியே இழுக்கும் ஃப்யூம் ஹூட்டின் கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். எத்தனை முறை பார்த்தாலும் அந்த ஒரு நிமிடத்துக்கு லேப்பில் எல்லோரும் வேலையை விட்டு வந்து நிற்பார்கள். பிறகு அதை அரைத்து, ஃபர்னஸில் 800 டிகிரியில் வைத்து எடுத்து, எக்ஸ்ரேயால் படிக அமைப்பைப் பார்க்கும் எக்ஸ்ஆர்டி சோதனைக்குக் கொடுப்போம். வரைபடத்தில் 35.5 டிகிரிக்குப் பக்கத்தில் உயரமான முகடு எழுந்தால் ஃபெரைட்டுக்கு வேண்டிய ஸ்பினல் என்ற படிக அமைப்பு வந்துவிட்டது என்று அர்த்தம், அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கலாம்.

இந்தச் சோதனைகளுக்கு வெளியே கொடுத்தால் சாம்பிளுக்கு இவ்வளவு என்று கட்டணம். இப்படிப்பட்ட ஆய்வுச் செலவுக்குக் கண்டின்ஜென்சி என்று ஆண்டுக்கு ஒரு தொகை உண்டு. அறிவியல் துறைகளுக்கு முதல் இரண்டு ஆண்டு 12,000, அதன் பிறகு 25,000. எங்கள் துறையில் முதலில் கைக்காசைப் போட்டுவிட்டு, பில் கொடுத்து, பிறகுதான் வாங்கிக்கொள்ள முடியும். ஆக, ஸ்டைபெண்ட் வராத மாதம் என்றால் சாம்பிளும் டப்பாவில் லேபிளோடு காத்திருக்கும். ஒன்று மட்டும் முன்பைவிட நன்றாகியிருக்கிறது. 2025 ஜனவரியிலிருந்து 'ஒரே நாடு ஒரே சந்தா' என்ற அரசுத் திட்டம் வந்தபின், முன்பு கண்ணில் மட்டும் பட்டுக்கொண்டிருந்த ஆய்விதழ்கள் பலவும் அரசுப் பல்கலைக்கழகங்களில் திறக்கின்றன. ஒரு கட்டுரைக்காக வேறு கல்லூரித் தோழியிடம் கெஞ்சும் வேலை பாதியாகக் குறைந்துவிட்டது.

இத்தனை கணக்குக்கு நடுவில் உனக்குப் பொழுதுபோக்கு ஒரு கேடா என்று அத்தை ஒருமுறை கேட்டார். அத்தையிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்: அது இருப்பதால்தான் மற்றதெல்லாம் தாங்குகிறது. எங்கள் கூட்டத்தில் ஆளுக்கொன்று வைத்திருக்கிறோம். ஒருவர் பழைய கீபோர்டுகளைப் பிரித்து விசைகளை மாற்றிப் போடுவார். ஒருத்தி தமிழ் விக்கிமூலத்தில் பழைய புத்தகங்களின் பக்கங்களை எழுத்தெழுத்தாக மெய்ப்புப் பார்ப்பாள். ஒரு பைசா செலவில்லை. நான் வானத்திலிருந்து படம் பிடிப்பேன். சரியாகச் சொன்னால், வானிலைச் செயற்கைக்கோள் அனுப்பும் படத்தை மொட்டைமாடியில் நின்று நானே வாங்குவேன்.

அமெரிக்காவின் நோவா செயற்கைக்கோள்கள் மூன்று, நோவா-15, 18, 19, தரையிலிருந்து 800 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே துருவத்திலிருந்து துருவத்துக்குச் சுற்றிக்கொண்டிருந்தன. ஒரு சுற்றுக்கு நூறு நிமிடத்துக்குச் சற்று அதிகம். கீழே என்ன தெரிகிறதோ அதை அந்த நொடியே 137 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒலியாக அனுப்பும். பூட்டு, சாவி, கட்டணம் எதுவும் கிடையாது. யார் வேண்டுமானாலும் எளிய கருவியை வைத்து வாங்கிக்கொள்ளட்டும் என்றுதான் அந்த முறையை அப்படி அமைத்தார்கள். நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும்.

வாங்குவதற்கு என்ன வேண்டும்? ஒரு டாங்கில். ஐரோப்பாவில் கணினியில் டிவி பார்க்கச் செய்த யூஎஸ்பி குச்சி அது. அதிலிருக்கும் ஆர்டிஎல்2832யூ என்ற சில்லு, வாங்கிய அலையை அப்படியே எண்களாகக் கணினிக்குத் தள்ளிவிடக்கூடியது என்று 2012 வாக்கில் ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். அன்றோடு பல லட்ச ரூபாய் ரிசீவர் செய்யும் வேலையின் பெரும்பகுதி மாணவர் கைக்கு வந்துவிட்டது. உயர்த்திய ஸ்டைபெண்டின் அரியர்ஸ் வந்தபோது, நோட்டைத் தீர்த்து, வீட்டுக்கு அனுப்பி, மிச்சத்தில் இரண்டாயிரத்துச் சொச்சம் கொடுத்து ஒன்று வாங்கினேன். மற்றதெல்லாம் ரிச்சி தெருவிலும் இரும்புக் கடையிலும்.

ரிச்சி தெருவுக்குப் போகாதவர்களுக்கு: சென்னை மவுண்ட் ரோட்டை ஒட்டிய சந்து. ரெசிஸ்டர் முதல் பழைய லேப்டாப் வரை கிடைக்கும். கடைக்குள் நுழைந்தவுடன் "என்னம்மா, காலேஜ் ப்ராஜெக்டா?" என்பார்கள். ஆமாம் என்றால் ஒரு விலை, தெரிந்து கேட்டால் ஒரு விலை. எனக்கு வேண்டியது ஒரு கனெக்டர் ஸ்ட்ரிப், கொஞ்சம் டிவி கேபிள், கேபிளை டாங்கிலில் மாட்ட ஓர் எஸ்எம்ஏ பின். அலுமினியக் கம்பி இரண்டை 53.4 சென்டிமீட்டருக்கு வெட்டி, 120 டிகிரியில் விரித்துத் தரைக்குக் கிடையாக வைத்தால் ஆன்டெனா தயார். அப்படிக் கிடையாக வைப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தரையிலிருந்து வரும் அலைகள் பெரும்பாலும் நெட்டாக அதிரும். கம்பி கிடையாக இருப்பதால் அவை பலவீனமாகிவிடும். செயற்கைக்கோளின் அலை சுழன்றபடி மேலிருந்து வருவதால் அது கம்பியில் சிக்கிவிடும். குரோவேஷியாவில் ஓர் அமெச்சூர் ரேடியோக்காரர் இந்த வடிவத்தைப் பரப்பினார். உலகம் முழுக்க மாணவர்கள் இதைத்தான் மாடியில் வைக்கிறார்கள்.

பெண்கள் விடுதி மொட்டைமாடிக்குப் பூட்டு உண்டு. சாவி கேட்டு எழுதிக் கொடுத்தபோது வார்டன் மேடம் நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று காலையில் மேலே வந்துவிட்டார்.

"என்னம்மா இது, டிவி ஆன்டெனாவா?"

"இல்லைங்க மேடம், சேட்டிலைட் படம் வரும். இன்னும் நாலு நிமிஷத்துல."

செயற்கைக்கோள் வரும் நேரத்தைக் கணிக்கும் ஜிபிரெடிக்ட் மென்பொருள் காட்டிய நொடியில் இரைச்சலுக்கு அடியில் ஒரு மெல்லிய சீழ்க்கை கேட்டது. பிறகு நொடிக்கு இரண்டு தட்டு, சீராக. ஒவ்வொரு தட்டுக்கும் திரையில் ஒரு கோடு. செயற்கைக்கோள் நம்மை நோக்கி வரும்போது அலைவரிசை மூன்று கிலோஹெர்ட்ஸ் அளவுக்கு உயர்ந்திருந்து, கடந்து போகும்போது இறங்கும். டாப்ளர் விளைவைப் புத்தகத்தில் படித்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன், கண்ணெதிரே அது நகர்வதை அங்கேதான் பார்த்தேன். காலைச் சுற்று வடக்கிலிருந்து தெற்கே. முதலில் இமயத்துப் பனி, அதன்கீழ் கங்கைச் சமவெளியின் மூட்டம், பிறகு கிழக்குக் கரை வளைந்து வளைந்து இறங்கியது.

"நம்ம மெட்ராஸ் எங்கம்மா?"

"இந்த விளிம்புல, மேடம். பழவேற்காட்டுக்குக் கொஞ்சம் கீழ."

படத்தின் ஒவ்வொரு புள்ளியும் நான்கு கிலோமீட்டர், சென்னை முழுவதும் சில புள்ளிகள்தான். அவர் குனிந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, இலங்கை முழுக்க வரும்வரை நின்றார். அன்றிலிருந்து சாவி ஆயாவிடம் எனக்காக இருக்கிறது.

கைபேசியில் இதைவிடத் தெளிவான படம், நம் இன்சாட் படமே, அரை மணிக்கொரு முறை இலவசமாக வருகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான், மழை வருமா என்று பார்க்க நானும் அதைத்தான் பார்க்கிறேன். ஆனால் மாடியில் நிற்கும் அந்தப் பன்னிரண்டு, பதினைந்து நிமிடத்தில் நடப்பது வேறு. எங்கோ போய்க்கொண்டிருக்கும் ஒன்று, வருகிறேன் என்று சொன்ன நொடியில் வருகிறது. இன்றைக்கு 7:14 என்றால் 7:14. அடுத்த வாரத்துக்கும் இன்றே சொல்லிவிடலாம். அடுத்த வாரம் கணக்கில் பணம் இருக்குமா என்று தெரியாமல் எழும் காலைகளில் அது எனக்கு எவ்வளவு பெரிய பிடிமானம் என்று சொல்லி முடியாது.

மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரை மறக்க முடியாது. மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை மழை சற்று விட்ட நேரத்தில் குடையோடு மேலே போனேன். அகச்சிவப்புப் படத்தில் குளிர்ந்தது வெள்ளையாகத் தெரியும். உயரமான மேகத்தின் தலை எவ்வளவு குளிரோ அவ்வளவு வெள்ளை. திரையில் நம் கரையே இல்லை. வங்கக் கடலிலிருந்து உள்நாடு வரைக்கும் ஒரே வெண்மை, நடுவில் முறுக்கு. செய்தியில் பார்த்த அதே புயல்தான். ஆனால் என் கம்பியில் விழுந்து, என் கேபிளில் இறங்கி வந்த புயல் அது. கீழே வந்து தோழிகளிடம் காட்டி, வாளிகளில் தண்ணீர் பிடித்து வைக்கச் சொன்னேன். அன்று ராத்திரி பிடித்த மழை மறுநாள் முழுக்க விடவில்லை. கரண்ட் போனது, பிறகு நெட்வொர்க்கும் போனது. போனில் பணம் அனுப்ப வழியில்லை, கையில் தாள் வைத்திருந்தவர்கள்தான் பணக்காரர்கள். ஸ்டைபெண்ட் வராமல் இருந்த நேரம் வேறு. தெருமுனை அண்ணாச்சி கடையில் பிரெட்டும் பாலும் மெழுகுவத்தியும் எங்கள் பெயரில் எழுதிக் கொடுத்தார். "பணம் வந்ததும் குடும்மா" என்றாரே தவிர எப்போது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்ல ஒரு தேதி இருந்திருக்காது.

பொழுதுபோக்கு ஆய்வைக் கெடுக்கும் என்று சொல்பவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். மாடியில் படம் எடுக்கும்போது குறுக்கே பட்டை பட்டையாக இரைச்சல் வந்துகொண்டிருந்தது. லேப்டாப்பிலிருந்தே கிளம்பி, கேபிளின் வெளிப்புறம் வழியாக ஆன்டெனாவுக்குப் போகும் இரைச்சல் அது. மருந்து, கேபிளை ஃபெரைட் வளையத்துக்குள் சில சுற்று சுற்றுவது. லேப்டாப் சார்ஜர் கம்பியில் பருத்த உருளை ஒன்று இருக்குமே, அதற்குள் இருப்பதும் ஃபெரைட்தான். 1930-களில் டோக்கியோவில் காட்டோ, தாக்கேய் என்ற இரண்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்து, அதை விற்கவே டிடிகே நிறுவனம் பிறந்தது. நான் செய்யும் பொருளும் அதே குடும்பம். ஃபெரைட்டின் காந்த ஊடுருவுதிறனில் இரண்டு பகுதி உண்டு: ஒன்று ஆற்றலைச் சேமித்துத் திருப்பித் தரும், மற்றது ஆற்றலை விழுங்கிச் சூடாக்கும். டிரான்ஸ்பார்மருக்கு இரண்டாவது பகுதி குறை. அதனால் என் அளவீடுகளில் அது பெரிதாக வந்த சாம்பிள்களைத் தனியே ஒதுக்கி வைத்திருந்தேன். வளையத்தைப் போட்டதும் படத்தின் பட்டைகள் மறைந்த அன்றைக்குத்தான், இரைச்சலை அடக்கும் வேலைக்கு அந்த விழுங்கும் குணமே தேவை என்பது மனதில் தைத்தது. ஒதுக்கி வைத்த சாம்பிள்கள் இப்போது என் ஆய்வேட்டில் ஓர் இயல். கைடு அதற்குப் பிறகு "மாடியில என்ன வருது?" என்று அவரே கேட்கிறார்.

2025-இல் நோவாக்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஜூனில் 18, ஆகஸ்டில் 19, சில நாளில் 15. நோவா-15 ஏவப்பட்டது 1998 மே மாதம். நானும் அந்த ஆண்டுதான் பிறந்தேன். இரண்டு ஆண்டு உழைத்தால் போதும் என்று செய்யப்பட்டது இருபத்தேழு ஆண்டு ஓடியது. கடைசி நாட்களில் உலகம் முழுக்க ஆர்வலர்கள் அதன் படங்களைப் பிடித்துச் சேமித்தார்கள், நானும் கிடைத்த சுற்றையெல்லாம் பிடித்தேன். நிறுத்திய பிறகும் சில காலைகள் அதே நேரத்துக்கு மாடியில் நின்று வெறும் இரைச்சலைக் கேட்டேன், துக்கமாகத்தான் இருந்தது.

ஆனால் ஆன்டெனா வீணாகவில்லை. ரஷ்யாவின் மெடியோர்-எம் என்-2-3, என்-2-4 இரண்டும் அதே 137 மெகாஹெர்ட்ஸ் பக்கம் அனுப்புகின்றன. அதே கம்பி, அதே டாங்கில். இது டிஜிட்டல், ஒவ்வொரு புள்ளியும் ஒரு கிலோமீட்டர். பழைய சீழ்க்கை கிடையாது, வெறும் இரைச்சலைப் போலக் கேட்கும். சாட்-டம்ப் (SatDump) என்ற இலவச மென்பொருள் அதற்குள்ளிருந்து படத்தை எடுத்துத் தரும். பழவேற்காடு இப்போது ஏரியாகவே தெரிகிறது. பக்கத்து மேசைத் தங்கச்சிக்கும் ஓர் ஆன்டெனா கட்டிக் கொடுத்தேன்; டாங்கிலை முறைபோட்டுப் பகிர்ந்துகொள்கிறோம். அவளுக்கு அடுத்த ஆசை அமெச்சூர் ரேடியோ உரிமம். அதில் ரெஸ்ட்ரிக்டட் கிரேடு என்ற நிலைக்கு மோர்ஸ் தந்திக் குறியீடு தேவையில்லை, எழுத்துத் தேர்வு போதும். சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து 145.800 மெகாஹெர்ட்ஸில் சில நாட்கள் படங்கள் அனுப்புவார்கள். கேட்டுக்கொண்டே இருந்தால் போதாதாம், அவளுக்குப் பதிலும் பேச வேண்டுமாம்.

போன கல்வியாண்டில் எங்கள் துறை ஸ்காலர்கள் சேர்ந்து ஒரு மனு கொடுத்தோம். தொகையைக் கூட்டுங்கள் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. அது இந்தக் கட்டடத்தில் முடிவாகும் விஷயம் இல்லை. ஒவ்வொருவர் தாளும் இன்றைக்கு எந்த மேசையில் இருக்கிறது, பதிவு செய்யக் கடைசி நாள் எது, எப்போதைக்குள் பணம் எதிர்பார்க்கலாம் என்ற மூன்றை மட்டும் மாதம் ஒருமுறை எழுதி ஒட்டுங்கள் என்று கேட்டோம். இழுத்தடிப்பார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் செக்‌ஷனில் புதிதாக வந்திருந்த அம்மா மனுவைப் படித்துவிட்டு, "இவ்வளவுதானாம்மா? இதை முன்னாடியே கேட்டிருக்கலாமே, என் பொண்ணும் பெங்களூர்ல பிஎச்.டி. பண்றா" என்றார். அந்த வாரமே தாள் வந்துவிட்டது. பணம் இப்போதும் தாமதமாகத்தான் வருகிறது. சில மாதம் எழுதிய தேதி தவறவும் செய்கிறது. அப்போது அவரே பேனாவால் அடித்து, பக்கத்தில் புதுத் தேதியைக் குறித்துக் கையெழுத்துப் போடுகிறார். லேப் நோட்டில் கைமாத்து எழுதும்போது ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டுவிட்டோம்: திருப்பித் தரும் நாள்.

என் ஐந்து ஆண்டு 2027-இல் முடியும். அதன்பின் ஸ்டைபெண்ட் நின்றுவிடும், ஆய்வேடு முடிந்திருந்தாலும் முடியாவிட்டாலும். அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராகப் போனால் ஆண்டுக்குப் பதினொரு மாதச் சம்பளம். அந்தப் பன்னிரண்டாவது மாதத்துக்கு இப்போதே கொஞ்சம் ஒதுக்கி வைக்கத் தொடங்கியிருக்கிறேன். இந்த மாதத் தாளில் என் பெயருக்கு நேரே 12-ஆம் தேதி என்று இருக்கிறது. மெஸ் மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். அம்மாவிடமும் சொன்னேன். "12-ஆந் தேதி என்ன கிழமை கண்ணு?" என்று கேட்டு, காலண்டரில் பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டார்.